மூன்று சொற்கள், நான்கு புலங்கள்

நூலகத்துக் கணினியில் ஒரு வாசகர் 'கல்கி பொன்னியின் செல்வன்' என்று தட்டுகிறார். நாவல் அந்த நூலகத்தில் இருக்கிறது, பட்டியலிலும் ஏறியிருக்கிறது. ஆனால் திரையில் வந்து நிற்பது சுந்தா எழுதிய 'பொன்னியின் புதல்வர்', கல்கியின் வாழ்க்கை வரலாறு. நாவலையே காணோம். வாசகர் எழுத்துப்பிழை எதுவும் செய்யவில்லை. பட்டியல் தயாரித்த நூலகரும் தவறவில்லை. தேடுபொறி தன்னிடம் கேட்டதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. கோளாறு இந்த மூவருக்கும் நடுவே இருக்கிறது. வாசகர் தட்டிய மூன்று சொற்களைத் தேடுபொறியிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று ஒரு புரோகிராமர் சில வரிகள் எழுதிவைத்திருப்பார் அல்லவா, அந்த வரிகளில்.

அந்த வரிகளுக்குத்தான் வினவல் என்று பெயர். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதே.

நூலகப் பதிவு என்பது ஒரே ஓட்டமாக எழுதிய கட்டுரை கிடையாது. தலைப்பு, ஆசிரியர், பொருள், குறிப்பு எனத் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு புலம். கணினித் துறையில் ஃபீல்டு என்பார்கள். இப்படிப் பிரித்தவர் நூலகர். தேடுகிறவருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் மனத்தில் இருப்பது ஒரு புத்தகம். அதைப் பற்றி ஞாபகம் இருக்கும் சொற்களை வரிசையாகத் தட்டுகிறார். எந்தச் சொல் எந்தப் புலத்தில் கிடக்கும் என்று யோசிப்பதில்லை. பல புலங்களில் தேடும் வினவலை எழுதுவதில் உள்ள சிரமமெல்லாம் இந்த இடைவெளியிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் உறுதியான எண்ணம். கணக்குச் சூத்திரங்கள் அதற்குப் பிறகு வருபவை.

சூத்திரங்களையும் பார்த்துவிட வேண்டும். இன்று உலகெங்கும் புழங்கும் தேடல் அமைப்புகளில் பல லூசின் என்ற நிரல்தொகுப்பின் மேல் நிற்கின்றன. டக் கட்டிங் 1999-ல் அதை வெளியிட்டார். 2001-ல் அது அப்பாச்சி அமைப்பின் கீழ் வந்தது. சோலர், எலாஸ்டிக்சர்ச் இரண்டும் அதன் மேல் கட்டப்பட்டவையே. எலாஸ்டிக்சர்ச்சை 2010-ல் வெளியிட்ட ஷே பேனன், சமையற்கலை படித்துக்கொண்டிருந்த தன் மனைவிக்காகச் சமையல் குறிப்புகளைத் தேடும் நிரல் ஒன்றை எழுதப்போய்த்தான் இந்தத் துறைக்குள் வந்தார். சமையல் குறிப்பும் பல புலங்கள் கொண்டதுதான்: பெயர், தேவையான பொருட்கள், செய்முறை.

லூசின் பதிவுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துத் தேடுவதில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக அது வரும் பதிவுகளின் எண்களை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சொல்லடைவு புலத்துக்குப் புலம் தனி என்பது. தலைப்பில் வரும் 'கல்கி'யும் ஆசிரியர் புலத்தில் வரும் 'கல்கி'யும் லூசினுக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. இனி சொல்லப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு ஏற்பாட்டின் பிள்ளைகள்.

கிடைத்த பதிவுகளை வரிசைப்படுத்த மதிப்பெண் வேண்டும். அதற்குள் இரண்டு பழைய யோசனைகள் இருக்கின்றன. ஒரு பதிவில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பதிவு அதைப் பற்றியதாக இருக்கலாம் என்பது ஒன்று. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1957-லேயே இந்த வழியில் எழுதினார். எல்லாப் பதிவிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பது இன்னொன்று. 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எழுதிய கட்டுரை அதை நிலைநாட்டியது. 'நாவல்' என்ற சொல் பொருந்துவதைவிட 'பொன்னியின்' பொருந்துவது நமக்கு அதிகம் சொல்கிறது அல்லவா? இரண்டையும் இணைத்து, லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் ஒக்காப்பி என்ற அமைப்பில் வளர்த்தெடுத்த சூத்திரம் பிஎம்25. 1994-ல் டிரெக் என்ற தேடல் ஆய்வுப் போட்டியில் அது அறிமுகமானது. 2016-ல் வந்த லூசின் 6-ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பான சூத்திரம்.

பிஎம்25 ஒரு புலத்துக்கு மதிப்பெண் தருவதில் தேர்ந்தது. நம்மிடம் நான்கு புலங்கள். நான்கு மதிப்பெண்களை என்ன செய்வது?

உடனே தோன்றுவது கூட்டிவிடலாம் என்பது. 'பொன்னியின் புதல்வர்' மேலே ஏறுவது இங்கேதான். அதன் தலைப்பில் 'பொன்னியின்' இருக்கிறது. பொருள் புலத்தில் 'கல்கி' இருக்கிறது. குறிப்பில், 'பொன்னியின் செல்வன் முதலிய நாவல்களை எழுதிய கல்கியின் வாழ்க்கை. கல்கி இதழின் தொடக்கம்' என்பதுபோல நூலகர் இரண்டு வரி எழுதியிருந்தால் மூன்று சொற்களும் அங்கேயும் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு புலமும் தன் பங்குக்கு மதிப்பெண் போடுகிறது. நாவலின் பதிவிலோ தலைப்பில் இரண்டு சொற்கள், ஆசிரியரில் ஒன்று, அவ்வளவுதான். குறிப்பில் 'ஐந்து பாகங்கள், சோழர் காலக் கதை' என்று இருக்கும். கூட்டல் முறையில் பல இடங்களில் பேசப்படும் நூல் ஜெயிக்கிறது. தேடியது எதுவோ அது தோற்கிறது.

கூட்டாமல், நான்கில் மிக உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சோலரிலும் எலாஸ்டிக்சர்ச்சிலும் இதற்கு டிஸ்மேக்ஸ் என்று பெயர். எலாஸ்டிக்சர்ச்சில் பல புல வினவலை எழுதி, வேறெதுவும் சொல்லாமல் விட்டால் நடப்பது இதுவே. ஒரே புலத்தில் அதிகமான சொற்கள் கூடி நிற்கும் பதிவு முன்னுக்கு வரும். இரண்டு பதிவுகள் சமமாக நின்றுவிடாமல் இருக்க, மற்றப் புலங்களின் மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கைச் சேர்க்கவும் வழி உண்டு. அந்தப் பங்கை 0 என்று வைத்தால் உச்சம் மட்டும், 1 என்று வைத்தால் பழையபடி முழுக் கூட்டல், 0.3 போல ஒன்றை வைப்பது வழக்கம்.

இது பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தேடல் முடிவுகள் நீண்டுகொண்டே போகின்றன, சம்பந்தமில்லாதவை வருகின்றன என்று யாராவது சொன்னதும், 'தட்டிய எல்லாச் சொற்களும் கட்டாயம் இருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனையைப் போடுவார்கள். நியாயமான நிபந்தனை. எலாஸ்டிக்சர்ச்சின் டிஸ்மேக்ஸ் முறையில் அது எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்றால், எல்லாச் சொற்களும் ஒரே புலத்துக்குள் இருக்க வேண்டும் என்று. கல்கி, பொன்னியின், செல்வன் மூன்றும் தலைப்பில் இல்லை; ஆசிரியரில் இல்லை; பொருளில் இல்லை. நாவல் வெளியே தள்ளப்படுகிறது. மூன்றும் ஒரே புலத்தில் இருப்பது வாழ்க்கை வரலாற்றின் குறிப்பில் மட்டும். வாசகர் கண்ட திரையின் கதை இதுதான். துல்லியமாகச் சொல்ல முயன்றவர் தண்டிக்கப்படுகிறார். வெறும் 'பொன்னியின் செல்வன்' என்று தட்டியிருந்தால் நாவல் முதலில் வந்திருக்கும். கூடுதலாக ஒரு சரியான தகவலைக் கொடுத்ததற்காக முடிவு மோசமாகும் தேடலை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆசிரியர் பெயரையும் நூல் பெயரையும் சேர்த்துத் தட்டுவது நூலகத்துக்கு வரும் எவருக்கும் முதலில் தோன்றும் வழி.

இதற்கு மாற்று, கேள்வியைத் திருப்பிப் போடுவது. ஒவ்வொரு புலமாக நின்று 'உன்னிடம் எத்தனை சொல் இருக்கிறது?' என்று கேட்பதற்குப் பதில், ஒவ்வொரு சொல்லாக நின்று 'நீ எந்தப் புலத்திலாவது இருக்கிறாயா?' என்று கேட்பது. கல்கி இருக்கிறது, ஆசிரியரில். பொன்னியின் இருக்கிறது, தலைப்பில். செல்வன் இருக்கிறது, தலைப்பில். நிபந்தனை நிறைவேறியது. முதல் வகையைப் புலவழி என்றும் இரண்டாவதைச் சொல்வழி என்றும் அழைக்கலாம்.

சொல்வழி போனாலும் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. தலைப்புக் 'கல்கி'யும் ஆசிரியர் 'கல்கி'யும் வேறு வேறு சொற்கள் என்றேன். ஆகவே அரிதானதா இல்லையா என்ற கணக்கும் புலத்துக்குப் புலம் தனியாக நடக்கிறது. பத்தாயிரம் நூல்கள் உள்ள ஒரு நூலகம் என்று வைத்துக்கொள்வோம். பல பதிப்புகளையும் சேர்த்து ஆசிரியர் புலத்தில் கல்கி 80 பதிவுகளில் வருகிறார். தலைப்பில் 'கல்கி' என்ற சொல் 3 நூல்களில் மட்டும். லூசினின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஆசிரியர் கல்கிக்கு அருமை மதிப்பு 4.8, தலைப்புக் கல்கிக்கு 8.0 அளவில் வருகிறது. ஒருவர் 'கல்கி' என்று தட்டியதும் கல்கியைப் பற்றி மற்றவர்கள் எழுதிய மூன்று நூல்கள் மேலே போய் உட்கார, அவரே எழுதிய எண்பதும் கீழே போகின்றன. ஒரு எழுத்தாளர் எவ்வளவு அதிகம் எழுதினாரோ அவ்வளவுக்குத் தன் புலத்தில் அவர் பெயரின் மதிப்பு இறங்குகிறது. பாரதியாரைத் தேடினாலும் இதே கதி. சூத்திரத்தில் தவறில்லை, அரிது என்பதை எதற்குள் எண்ணுகிறோம் என்பதே தவறிவிட்டது.

எலாஸ்டிக்சர்ச்சில் உள்ள கிராஸ் ஃபீல்ட்ஸ் என்ற வகை இதைச் சரிசெய்ய எழுதப்பட்டது. அது சொல்வழி நடக்கிறது. அதோடு ஒவ்வொரு சொல்லுக்கும் புலங்களின் எண்ணிக்கைகளில் எது அதிகமோ அதையே எல்லாப் புலங்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறது. கல்கிக்கு எங்கு பார்த்தாலும் 80 என்று கணக்கு. தலைப்புக் கல்கிக்குக் கிடைத்த எதிர்பாராத அதிர்ஷ்டம் போய்விடுகிறது.

ஆனாலும் அதற்குள் ஒரு தோராயம் இருக்கிறது. அதை முழுமையாகத் தீர்த்த யோசனை வேறொரு இடத்திலிருந்து வந்தது. ராபர்ட்சனும் ஹ்யூகோ சரகோசாவும் மைக்கேல் டெய்லரும் 2004-ல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். புலங்களின் மதிப்பெண்களைக் கூட்டுவது அடிப்படையிலேயே ஏன் தவறு என்பதைக் காட்டிய கட்டுரை அது. அவர்கள் வாதத்தை எண்களில் பார்த்தால் பளிச்சென்று விளங்கும்.

பிஎம்25-ல் ஒரு சொல் முதல்முறை வரும்போது கிடைக்கும் மதிப்பு பெரிது. இரண்டாம் முறை வரும்போது கொஞ்சம் கூடுகிறது. மூன்றாம் முறைக்கு இன்னும் கொஞ்சம். லூசினின் வழக்கமான அமைப்பில், சராசரி நீளமுள்ள ஒரு புலத்தில் இந்தக் காரணி 0.45, 0.63, 0.71 என்று ஏறும். எத்தனை முறை வந்தாலும் 1-ஐத் தாண்டாது. காரணம் எளிது: 'சோழர்' என்ற சொல் ஒரு பதிவில் இருபது முறை வருவதால் அந்த நூல் இருபது மடங்கு சோழர்களைப் பற்றியது ஆகிவிடாது. இந்த உச்சவரம்புதான் பிஎம்25-ன் உயிர். இப்போது அதே சொல் மூன்று புலங்களில் ஒவ்வொரு முறை வருகிறது என்று வையுங்கள். தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் 0.45 மூன்று முறை, ஏறக்குறைய 1.36. எந்தப் புலமும் தனியாக எட்ட முடியாத உயரத்தை, புலங்களாகப் பிரித்த ஒரே காரணத்தால் அந்தப் பதிவு எட்டிவிட்டது. அதே மூன்று தடவையும் ஒரே புலத்தில் இருந்திருந்தால் 0.71 தான்.

ஆகவே முதலில் தடவைகளைக் கூட்டுங்கள், பிறகு சூத்திரத்தில் ஒரே ஒருமுறை போடுங்கள் என்றார்கள். பிஎம்25எஃப் என்பது அந்த முறையின் பெயர். இதில் எடை என்ற சொல்லுக்கும் ஒரு தெளிவான அர்த்தம் கிடைத்துவிடுகிறது. தலைப்புக்கு எடை 3 என்றால், தலைப்பில் ஒருமுறை வருவது குறிப்பில் மூன்றுமுறை வருவதற்குச் சமம். இதை ஒரு நூலகரிடம் கேள்வியாகவே கேட்கலாம். அவரால் பதில் சொல்ல முடியும். பழைய முறையில் 'தலைப்பு மதிப்பெண்ணை 3 ஆல் பெருக்கு' என்றால் அது எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எலாஸ்டிக்சர்ச்சில் கம்பைண்டு ஃபீல்ட்ஸ் என்ற பெயரில் 2021-ல் இந்த முறை வந்து சேர்ந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முன்னேற்றம் இது.

எல்லாவற்றையும் ஒரே பெரிய புலத்தில் கொட்டிவிட்டால் இத்தனை பாடு இல்லையே என்று தோன்றலாம். செய்யலாம். எலாஸ்டிக்சர்ச்சின் பழைய பதிப்புகளில் அப்படியொரு புலம் தானாகவே உருவாகும், பிறகு எடுத்துவிட்டார்கள். சொல்வழி நிபந்தனைக்கு அது போதும். தலைப்பில் வந்ததா குறிப்பில் வந்ததா என்ற வேறுபாடு அதில் கரைந்துவிடும்.

இதுவரை பேசியது ஒரு பொருள் பல துண்டுகளாக வெட்டப்பட்டிருப்பதைப் பற்றி. தலைப்பும் ஆசிரியரும் ஒன்றுக்கொன்று மாற்றில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் புத்தகம். புலங்களுக்குள் வேறொரு உறவும் உண்டு: ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதிவைத்த புலங்கள். தமிழில் தேடல் எழுதுகிறவருக்கு இந்த இரண்டாம் வகைதான் அதிக வேலை வைக்கிறது.

வாசகர் 'கல்கியின் சிறுகதை' என்று தட்டுகிறார். பதிவில் 'கல்கி' என்றும் 'சிறுகதைகள்' என்றும் இருக்கிறது. உருபுகளைக் களைந்து அடிச்சொல்லைத் தரும் நிரல் இல்லாமல் இது பொருந்தாது. ஸ்னோபால் என்ற பொதுத் தொகுப்பில் தமிழுக்கும் அப்படியொரு நிரல் இருக்கிறது. 2019-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பும் அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் சந்தியும் உருபும் இத்தனை அடுக்காகச் சேரும் மொழியில் எந்த நிரலும் சில சமயம் அதிகமாக வெட்டும், சில சமயம் குறைவாக. அதனால் ஒரே தலைப்பை இரண்டு புலங்களில் வைப்பது நல்லது: உள்ளபடி ஒன்று, அடிச்சொல்லாக்கி ஒன்று. அடிச்சொல் புலம் வலையை அகலமாக வீசும்; உள்ளபடி புலத்திலும் பொருந்தினால் அது கூடுதல் சாட்சி. முன்னே நான் குறை சொன்ன கூட்டல் இங்கே பொருத்தமான கருவி.

பெயர்களின் கதை வேறு. புதுமைப்பித்தன் ஒரு புலத்தில், சொ. விருத்தாசலம் இன்னொன்றில். கி. ராஜநாராயணன் என்று ஒன்று, கி.ரா. என்று ஒன்று. இவற்றில் எது பொருந்தினாலும் போதும். இரண்டும் பொருந்தினால் அதனால் அவர் இரட்டிப்பு ஆசிரியர் ஆவதில்லை. இங்கே உச்சத்தை எடுக்கும் டிஸ்மேக்ஸ்தான் சரி. கி.ரா. என்ற பெயரில் புள்ளியை எப்படி வெட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் 'கி', 'ரா' என்று இரண்டு ஒற்றை எழுத்துச் சொற்கள் சொல்லடைவில் நின்றுவிடலாம். அதே தலைப்பெழுத்து உள்ள எவரும் அவற்றோடு பொருந்திவிடுவார்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. 'பொ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ப'வுடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று; கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யுனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் சீராக்கும் படி ஒன்றைச் சேர்க்காவிட்டால் தேடுபொறிக்கு அவை இரண்டு சொற்கள்; 'பொன்னியின் செல்வன்' அலமாரியில் இருக்க, முடிவு பூஜ்ஜியம் என்று வரும். பதிவுகளைச் சேர்க்கும்போதும் வாசகர் தட்டும்போதும், இரண்டு பக்கமும், ஒரே முறையில் சீராக்க வேண்டும்.

ஒரு பொருளின் துண்டுகள், ஒரே செய்தியின் மாற்று வடிவங்கள் என்ற இந்த இரண்டு உறவுகளும் ஒரே வினவலில் மோதும் இடம் உண்டு. ஆசிரியர் பெயரை வெட்டக் கூடாது, தலைப்பை வெட்ட வேண்டும் என்று நாம் நினைப்போம். நியாயம்தான். ஆனால் கிராஸ் ஃபீல்ட்ஸ் முறையில், சொற்களைப் பகுக்கும் விதம் ஒன்றாக உள்ள புலங்கள்தான் ஒரு குழுவாகச் சேரும். விதம் மாறினால் குழு உடைந்து, குழுவுக்குள் மட்டும் சொல்வழி, குழுக்களுக்கிடையே பழையபடி புலவழி என்றாகிவிடும். கம்பைண்டு ஃபீல்ட்ஸோ பகுப்பு வேறான புலங்களை ஏற்கவே மறுக்கும். எனவே யார் உள்ளே வரலாம் என்பதையும் யார் முன்னே வர வேண்டும் என்பதையும் இரண்டு வேலைகளாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. உள்ளே விடுவதற்கு, ஒரே விதமாகப் பகுத்த தலைப்பு, ஆசிரியர், பொருள், குறிப்பு நான்கின் மேலும் சொல்வழி நிபந்தனை. இது கட்டாயப் பகுதி. முன்னே கொண்டுவருவதற்கு, உள்ளபடி தலைப்பில் சொற்கள் அதே வரிசையில் அடுத்தடுத்து வந்தால் கொஞ்சம், ஆசிரியர் பெயர் வெட்டாமல் பொருந்தினால் கொஞ்சம். இவை விருப்பப் பகுதி. விருப்பப் பகுதி எதையும் வெளியே தள்ளாது என்பதால் அங்கே பகுப்பு எப்படி இருந்தாலும் பாதகமில்லை.

எவ்வளவு எடை வைப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பலர் தலைப்புக்கு 3, ஆசிரியருக்கு 2 என்று போட்டு, தமக்குத் தெரிந்த நாலைந்து தேடல்களைத் தட்டிப் பார்த்து, முடிவு பிடிக்கும்வரை திருகிக்கொண்டிருப்பார்கள். இது எனக்கு உவப்பில்லாத பழக்கம். 1960-களிலேயே இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் ஒழுங்கான வழியைக் காட்டிவிட்டார். விமானவியல் சார்ந்த 1,400 கட்டுரைகள், 225 கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை பொருத்தம் என்று மனிதர்கள் படித்துக் குறித்த தீர்ப்புகள். அதன் மேல் எந்த முறையையும் ஓட்டி அளக்கலாம், மற்றொன்றோடு ஒப்பிடலாம். 1992-ல் தொடங்கிய டிரெக் இதே வழியின் பெரிய வடிவம்.

ஒரு நூலகத்துக்கு இது எட்டாத காரியம் இல்லை. வாசகர்கள் உண்மையில் தட்டிய தேடல்களின் பதிவேடு பெரும்பாலும் கணினியிலேயே கிடக்கும். முடிவே வராத, அல்லது ஒன்றிரண்டே வந்த தேடல்களிலிருந்து தொடங்கலாம். 'கல்கி பொன்னியின் செல்வன்' வகைச் சிக்கல்கள் அங்கே வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எந்த நூல் வந்திருக்க வேண்டும் என்று நூலகர் குறித்துக் கொடுத்தால் அளவுகோல் தயார். பிறகு எடையை மாற்றும்போதெல்லாம் எல்லாத் தேடல்களையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் எடையை ஏற்றினால் கல்கி தேடல்கள் சரியாகும். 'சோழர் வரலாறு' என்று தட்டியவருக்கு முதலில் வர வேண்டிய சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு', ஆசிரியர் புலத்தில் அந்தச் சொல் உள்ள வேறொரு நூல் மேலேறுவதால், அதே மாற்றத்தில் இறங்கிவிடவும் கூடும். அதனால் ஆசிரியர் பெயர் கலந்த தேடல்களை ஒரு பட்டியலாகவும் பொருள் தேடல்களை ஒரு பட்டியலாகவும் வைத்துத் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் ஒன்றின் சரிவு மற்றதன் ஏற்றத்தில் மறைந்துவிடும்.